ஜெபித்த பின் என்ன செய்கிறோம்?

நோயாளியைக் காண வருவோர் வேதாகமம் ஏந்தி ஜெபிப்பதை வார்டுகளில் நாள்தோறும் காண்கிறோம். ஜெபம் ஆறுதல் தரும், அதனை வரவேற்கிறோம். ஆயினும், விசுவாசக் குறைவே இந்நோய்க்குக் காரணம் என்று கூறிச் செல்வது நோயாளியின் வேதனையைப் பெருக்குகிறது. சிலர் மருந்தையே நிறுத்திவிடுகின்றனர்.

லூக்கா சுவிசேஷத்தில் இயேசு கூறிய உவமையில், குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்ட ஆசாரியனும் லேவியனும் விலகிச் சென்றனர். யூதர் இகழ்ந்த சமாரியனோ காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். சத்திரத்தில் சேர்த்துப் பராமரித்தான். மறுநாள் செலவுக்கு இரண்டு வெள்ளிக்காசும் அளித்தான்.

மெய்யான விசுவாசத்தை இத்தகைய செயல்களிலேயே நாம் காண்கிறோம். ஆகவே, ஜெபித்து எழும்போது, இரவுத் துணைக்கு ஆளுண்டா, இரத்தம் தேவையா, மருந்துக்குப் பணமுண்டா என்று அக்குடும்பத்தாரிடம் கேளுங்கள்.