முள்ளை நசுக்க மறுப்பவர்கள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சல்மன் பிடிக்கப் போகிறவர் கடலுக்கு மத்திய அரசிடமும், ஆற்றுக்கு மாகாண அரசிடமும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுசெல்வதாயின் சல்மன் பாதுகாப்பு முத்திரைக்கும் தனியே பணம் கட்டவேண்டும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்பவர்கள் ஒரு விதிக்கு மட்டும் முகஞ்சுளிக்கிறார்கள். தூண்டில் நுனிக்குக் கீழே எதிர்ப்புறமாய் நீட்டிநிற்கும் அந்தச் சிறு முள் இருக்கக்கூடாது என்பதே அவ்விதி.

முள் இல்லையேல் மீன் நழுவிவிடுமாம். நழுவட்டுமே! நூலைத் தளரவிடாமல் இழுக்கத் தெரிந்தவரிடமிருந்து அது அவ்வளவு எளிதில் நழுவுவதுமில்லை. குறட்டால் ஒருமுறை நசுக்கினால் முடிகிற வேலை இது.

பொரிப்பகங்களில் வளர்த்துவிடப்படும் கோஹோ சல்மன்கள் பலவற்றுக்கு, முதுகின் பின்புறத்திலுள்ள சிறு கொழுப்புத் துடுப்பை வெட்டி அடையாளமிடுகிறார்கள். பல இடங்களில் அடையாளமிட்டதை வைத்துக்கொள்ளலாம். துடுப்போடு வருகிற காட்டுமீனை விட்டுவிட வேண்டும். எது எதுவென்பது மீன் தூண்டிலில் அகப்பட்டு மேலே வந்தபின்னரே தெரியும். ஆக, விட்ட மீன் பிழைக்கும் என்ற நம்பிக்கையின் மீதுதான் இந்த அனுமதி முழுவதுமே நிற்கிறது. பசிபிக் சல்மன் வாழ்நாளில் ஒரேயொரு தடவை ஆறேறி, முட்டையிட்டு, இறந்துபோவது. முள்ளைப் பிடுங்க நீருக்கு வெளியே வைத்து நெரிக்கப்பட்டு, அந்த ஒரு தடவைக்கு முன்பே அது செத்தால், விதியைக் கடைப்பிடித்ததாய்ச் சொல்லிக்கொள்வதில் என்ன பொருள்?

முள்ளை நீக்கினால் மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். செவுளிலோ குடலிலோ தைத்த மீனுக்கு முள்ளில்லாத தூண்டிலும் எமனே. கலிபோர்னியாவில் ஹோர்ஸ் மலைக்கும் பொயின்ற் கொன்செப்ஷனுக்கும் இடைப்பட்ட கடலில், படகால் இழுக்காமல் இரைவைத்துச் சல்மன் பிடிப்போர் முள்ளற்ற வட்டத் தூண்டிலையே பயன்படுத்தவேண்டும். அது பெரும்பாலும் தாடையோரத்தில்தான் மாட்டும். அத்தகைய விதியிருந்தும் 2023இலும் 2024இலும் அங்கே கடல் சல்மன் பிடிப்பு அடியோடு மூடப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவோ முள்ளோடு நின்றுவிட்டது.

"பெருங்குற்றவாளிகளை விட்டுவிட்டு எங்கள் தூண்டிலைப் பார்க்கிறீர்களே" என்பது அடுத்த வாதம். பெருங்குற்றங்கள் இல்லையென்று யார் சொன்னது? பிரேசர் ஆற்றுக்கு 2009இல் ஒரு கோடிக்கு மேல் சொக்கை சல்மன்கள் வருமென எதிர்பார்க்க, ஏறத்தாழப் பதினைந்து இலட்சமே வந்தன. நீதிபதி புரூஸ் கோகன் விசாரித்து 2012இல் 75 பரிந்துரைகளைத் தந்தார். கடலில் திறந்த வலைக்கூட்டுச் சல்மன் பண்ணைகளை 2029 நடுப்பகுதிக்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக அரசு அறிவிக்க 2024 ஆயிற்று. இடையில், 2019இல் கண்டறியப்பட்ட பிக் பார் பாறைச்சரிவு ஆற்றையே மறித்தது. இத்தனையையும் தாண்டி வருகிற மீனல்லவா ஐயா, உங்கள் கையில் அகப்படுவது!

(தகரப் பேணியில் வந்த வேறேதோ மீனைச் 'சமன்' என்று தின்று வளர்ந்த இலங்கையனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அந்த ஆறுகளின் கரையில் இப்போது நம்மவர்களும் தூண்டிலோடு நிற்கிறார்கள்.)

அதே மாகாணத்தில் வேட்டைக்குப் போகப் பயிற்சியும் பரீட்சையும் உண்டு. சல்மன் பிடிக்கவோ, இணையத்தில் பணம் கட்டினால் போதும். கொழுப்புத் துடுப்பு எது, நசுக்கிய தூண்டில் எது என்று இரண்டு படங்களைக் காட்டிக் கேட்டு, சரியாகச் சொன்னவருக்கு மட்டும் பத்திரத்தைக் கொடுப்பதற்கு என்ன தடை?