ஆச்சியின் கைக்கு யார் சான்றிதழ் கொடுப்பது?

என் ஆச்சிக்குச் சுளுக்கு எடுக்கத் தெரியும். சேரன்மகாதேவி வயல்களில் நடவு முடித்து வருகிறவளை, இடுப்புப் பிடித்துக்கொண்ட பெரிய வீட்டு அம்மாக்கள் புறவாசல் வழியாகக் கூப்பிடுவார்கள். அரை மணி நேரம் எண்ணெய் போட்டு நீவிவிடுவாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் அங்கே தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும். அவள் கை வேண்டும், அவள் தீட்டு.

அந்தக் கைவேலைக்குச் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று பெயர். 32 வகைப் புறமருத்துவங்களில் அதுவும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என அதில் 9 முறைகள். ஆச்சிக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. அவள் விரல்களுக்குத் தெரியும்.

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரு நோட்டீஸோடு வந்தான். 'சைனீஸ் மசாஜ் பயிற்சி, 3 மாதம், வெளிநாட்டில் வேலை.' கட்டணம் நாற்பதாயிரம். அவன் அம்மா கம்மலை அடகு வைக்கத் தயாராக இருந்தார். சான்றிதழ் தருவது யார், அதை எந்த அரசு ஏற்கிறது என்று அந்த எண்ணுக்குப் போன் செய்து கேட்டோம். பதில் இல்லை. கம்மல் தப்பியது.

சீனத்து மசாஜ் மட்டமான விஷயம் என்று நான் சொல்லவில்லை. அங்கே அதற்குத் துய்னா என்று பெயர். 1950களிலேயே அதற்குப் பள்ளி வைத்தார்கள். இன்று மருத்துவப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. பார்வையற்றோர் பலர் அங்கே அதை முறையாகப் படித்துப் பிழைக்கிறார்கள். கைத்தொழிலைக் கல்வியாக்கினால் கைக்கு மரியாதை வரும் என்பதுதான் அதில் நமக்குப் பாடம்.

நமக்கு அந்தக் கதவு ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் தொடங்கியது. பட்டப்படிப்புக்கு நீட் வேண்டும். சிகிச்சையாளருக்கான பட்டயப்படிப்பும் அரசு நடத்துகிறது. பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இடஒதுக்கீடு, அதற்குள் அருந்ததியருக்கு 3. உதவித்தொகைக்கும் மனுப் போடலாம். பிளஸ் டூ படிக்கிற தம்பி தங்கைகளே, நோட்டீஸை நம்புவதற்கு முன்னால் அந்தக் கல்லூரி வாசலுக்கு ஒருமுறை போய்க் கேளுங்கள்.

கல்லூரி இருந்தால் மட்டும் போதாது என்பதை நம் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், காங்கிரஸ் நிதியும் வாங்கிய இடத்தில், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டார்கள். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்துக் கேட்டது நூறு வருஷத்துக்கு முன்னால். பொதுப் பணத்தில் படிப்பு என்றால் பந்தி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அந்தக் கேள்வி.

இன்றைய பந்தி வேறு மாதிரி. மருத்துவர் நாற்காலி ஒருவருக்கு, எண்ணெய்க் கிண்ணம் மட்டும் நமக்கு என்று ஆகிவிடக் கூடாது. எனவே பட்டயத்தோடு நிற்காதீர்கள், பட்டத்துக்கும் முயலுங்கள். அரசும் ஒன்று செய்ய வேண்டும். பள்ளிப்படிப்பு இல்லாமல் கைப்பழக்கத்தால் தேர்ந்தவர்கள் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைச் சோதித்து, குறுகிய பயிற்சி கொடுத்து, சான்றிதழும் சம்பளமும் தர தாட்கோ வழியாக ஒரு திட்டம் வேண்டும்.

ஆச்சி போய்விட்டாள். அவள் பேத்திகள் முன்வாசல் வழியாக நுழையட்டும்.