பூப் பார்க்க மலையேறும் காலம்

சித்திரை வெயில் ஏறியதும் நம்மவர்கள் பூப் பார்க்க மலையேறுகிறார்கள். ஊட்டி, ஏற்காடு மலர்க் கண்காட்சிகளுக்கு வேன் பேசி இரவோடு இரவாகக் கிளம்பும் குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஊட்டித் தாவரவியல் பூங்கா 1848-இல் மெக்ஐவர் என்ற பிரிட்டிஷ் தோட்டக்கலைஞர் அமைக்கத் தொடங்கியது. அது அருமையான தோட்டம்தான். ஆனால் 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குப் போக இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது. மலை தாங்காத அளவுக்கு வண்டிகள் ஏறியதால் உயர் நீதிமன்றமே தலையிட்டது. ஒரு சமவெளி முழுவதும் பூவைத் தேடி மலைக்கு ஓடுகிறது என்றால், சமவெளியின் பூந்தோட்டங்கள் என்ன ஆயின என்று கேட்க வேண்டாமா?

ஸ்ரீமுஷ்ணத்தில் நின்று கேட்டால் இந்தக் கேள்வி இன்னும் உறைக்கும். பூவராகர் கோயிலின் தலபுராணமே செடிகொடிகளால் ஆனது. பெருமாளின் கண்களிலிருந்து அரசும் துளசியும் தோன்றின, வியர்வை நித்திய புஷ்கரணி ஆயிற்று என்கிறது அது. தோட்டக்காரர் களையென்று பிடுங்கி எறியும் கோரையின் கிழங்கு இங்கே பிரசாதம். மாசி மகத்துக்குப் பெருமாள் ஊர் ஊராகத் தங்கி, கிள்ளைக் கடற்கரை வரை போய்த் தீர்த்தமாடுகிறார். வழியில் இஸ்லாமியர் மரியாதை செய்து வரவேற்கிறார்கள். அந்த மாதங்களில்தான் விருத்தாசலம் வட்டாரத்துச் செம்மண் மேடுகளில் முந்திரி பூத்திருக்கும். இளஞ்சிவப்புக் கோடு ஓடிய சின்னஞ்சிறு பூ, அதைச் சுற்றித் தேனீ. போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் இன்று இந்த மண்ணின் இளவேனிலாகவே ஆகிவிட்டது. அதைப் பார்க்க யாரும் வேன் பேசுவதில்லை.

முன்பு ஊருக்குள்ளேயே நந்தவனம் இருந்தது. பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருவரங்கத்திலும் மண்வெட்டி பிடித்தவர்கள். ராமானுஜர் கேட்டுக்கொண்டதற்காக அனந்தாழ்வான் திருமலையில் குளம் வெட்டித் தோட்டம் போட்டார். பக்தியை நம்பி மட்டும் சோழர் காலத்தார் இதை விட்டுவிடவில்லை. கல்வெட்டுகளில் ‘திருநந்தவனப்புறம்’ என்று தனியே நிலம் வருகிறது. அதன் விளைச்சல் தோட்டம் செய்வார்க்குச் சோறும் துணியும் ஆயிற்று. செங்கழுநீர் பூக்கத் தனி ஓடை விட்டார்கள். சூரிய சந்திரர் உள்ளவரை நடக்க வேண்டும் என்று எழுதியும் வைத்தார்கள். நிலம், நீர், ஆள் மூன்றையும் சேர்த்துக் கொடுத்ததே அந்த ஏற்பாட்டின் உயிர். பின்னாளில் வசந்த உற்சவம் பெருகியது. மதுரைப் புதுமண்டபமே திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியதுதான். சாமி வெயிலுக்கு இளைப்பாறப் போகும், ஊர் கூடவே போகும். சாதியின் பெயரால் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் அன்று இருந்தார்கள். அதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுவது நேர்மையல்ல. இனி அமையும் நந்தவனம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு எங்கே அறுந்தது? பிரிட்டிஷார் காலத்தில் கோயில் மானியங்கள் வருவாய்க் கணக்குக்குள் வந்தன. 1963-இன் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் பல ஊர்களில் நிலத்துக்கும் பூத்தொண்டுக்கும் இருந்த கட்டு தளர்ந்தது. உழுதவர் கையில் நிலம் சேர வேண்டும் என்ற நோக்கம் நியாயமானது. ஆனால் பூத்தொண்டுக்கு மாற்று வழி செய்யாமல் விட்டதுதான் பிழை. தோவாளையிலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் மூட்டையாகப் பூ வந்து இறங்கத் தொடங்கியதும் மாலைக்குக் குறைவில்லை, தோட்டத்தை யாரும் தேடவில்லை. பல கோயில்களில் நந்தவனம் என்று பேர் சொல்லும் இடத்தில் சீமைக்கருவேலம் நிற்கிறது.

பூவை மக்களுக்குப் பக்கத்திலேயே கொண்டுவர முடியும். ஜப்பானை ஆண்ட எட்டாம் ஷோகன் யோஷிமுனே, மக்கள் நடந்து போய்ப் பார்க்கும்படி எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து ஓரமாக அசுகயாமாவில் செர்ரி மரங்களை நடவைத்தார். அது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இன்றும் அங்கே பூப் பார்க்கக் கூட்டம் சேர்கிறது. நம்மிடம் நிலமும் இருக்கிறது, அதற்கு எழுதிவைத்த காரணமும் இருக்கிறது. மல்லி, நந்தியாவட்டை, அரளி, செண்பகம், மகிழம், புன்னை என்று இந்த வெயிலிலேயே பூப்பவற்றுக்கு ஊட்டிக் குளிர் வேண்டியதில்லை.

இதற்குப் பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை. கோயில் நிர்வாகம் சொத்துப் பதிவேட்டில் நந்தவனம் என்று எழுதியிருக்கும் புல எண்களை எடுத்து, நில அளவையரைக் கொண்டு எல்லைக்கல் நடட்டும். கிணற்றைத் தூர்வாரி, சம்பளத்துக்கு ஒரு தோட்டக்காரரை அமர்த்தட்டும். அடுத்த மாசி மகத்துக்குப் பெருமாள் கிள்ளைக்குப் புறப்படும் முன், ஸ்ரீமுஷ்ணத்திலேயே இதைத் தொடங்கலாம்.