கடைசியாக வருபவரின் வேகம்

ஆடி அமாவாசை நெருங்கும்போது, இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நோயாளிகள் உள்ள பல வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: இந்த ஆண்டு நண்பர்களுடன் சதுரகிரிக்குச் செல்லலாமா? ஆண்டுதோறும் கூட்டமாக மலையேறிப் பழகியவர்கள் நாம். அக்கூட்டத்தில் ஒருவருக்கு இதய நோயோ சர்க்கரை நோயோ வந்துவிட்டால் அவரை என்ன செய்வதென்று மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. "நீங்கள் வீட்டிலேயே இருங்கள்" என்று சிலர் விட்டுச் செல்கின்றனர். "மகாலிங்கம் பார்த்துக்கொள்வார், வாருங்கள்" என்று சிலர் அழைத்துச் செல்கின்றனர். இரண்டும் அன்பினால் சொல்லப்படுபவையே. ஆயினும் இரண்டும் தவறு என்பது என் கருத்து.

என் கணவர் நூற்பாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். உடன் வேலை பார்த்த அறுவருடன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சதுரகிரிக்குச் சென்று வந்தவர். மாரடைப்பு ஏற்பட்டு அவருக்கு ஸ்டென்ட் பொருத்தப்பட்ட ஆண்டில், நண்பர்கள் அவரிடம் சொல்லாமலேயே மலைக்குச் சென்று வந்தனர். அவர் மனம் நோகக் கூடாது என்று எண்ணியே அவ்வாறு செய்தனர். திருநீறு வீட்டுக்கு வந்தபோதுதான் அவருக்குச் செய்தி தெரிந்தது. மருத்துவமனையில் இருந்த நாள்களில்கூடக் காணாத சோர்வை அன்று அவர் முகத்தில் கண்டேன். அடுத்த ஆண்டு யாரிடமும் சொல்லாமல் தனியாகப் புறப்பட்டுவிடுவாரோ என்ற அச்சமும் அன்றே என்னைப் பற்றிக்கொண்டது.

அந்த அச்சம் வீணானதன்று. தாணிப்பாறைக்கு மேலே வாகனம் செல்லாது. வழுக்குப்பாறையிலோ கோரக்கர் குகை அருகிலோ நெஞ்சு வலித்தால், 108 ஊர்தி அடிவாரத்தில்தான் காத்திருக்க முடியும். அதுவரை மனிதர்தாம் தூக்கி வர வேண்டும். பாதையோ ஓடைகளைக் கடந்து செல்வது. மேலே மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வந்துவிடலாம். 2015 மே மாதம் அவ்வாறு திடீரென வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்ததை நம் பகுதி மறந்திருக்காது. அவசரமாக ஓட முடியாத ஒருவர் அங்கே தனியாக இருக்கக் கூடாது.

ஆகவே மருத்துவரிடமே கேட்டோம். அவர் உடனே ஆம் என்றும் சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. டிரெட்மில் பரிசோதனை செய்தார். முதலில் சமதளத்தில் நாள்தோறும் நடக்கச் சொன்னார். நடந்துகொண்டே தடையின்றிப் பேச முடிய வேண்டும். பேசுவதற்கு மூச்சு போதவில்லை என்றால் வேகம் மிகுதி என்பதே அவர் தந்த அளவுகோல். சில மாதங்களுக்குப் பிறகு, கூட்டமில்லாத ஒரு நாளில், ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே உள்ள திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயில் படிகளில் மெல்ல ஏறிப் பார்த்தோம். அதன் பிறகே சதுரகிரியைப் பற்றி நண்பர்களுடன் பேசினோம்.

முன்பொருமுறை நானும் அவர்களுடன் சென்றிருக்கிறேன். அப்போது கண்டதை அன்று எடுத்துரைத்தேன். வேகமாக ஏறுபவர்கள் முன்னே சென்று ஒரு பாறையில் அமர்ந்து இளைப்பாறுவர். பின்தங்கியவர் மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்ததும், "எல்லாரும் வந்தாயிற்று, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவர். ஓய்வு மிகவும் தேவைப்படுபவருக்கே ஓய்வு கிடைப்பதில்லை. காத்திருந்தோம் என்ற நிறைவு மட்டும் மற்றவர்களுக்குக் கிடைத்துவிடும்.

இதை மாற்ற மூன்று முடிவுகள் செய்தோம். மெதுவாக நடப்பவரே முன்னால் செல்வார். அவரை யாரும் முந்தக் கூடாது. அவர் அமர்ந்தால் எல்லாரும் அமர வேண்டும். அவர் திரும்ப விரும்பினால் இருவர் உடன் திரும்ப வேண்டும். அந்த இருவர் யார் என்பதைப் புறப்படும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

ஒருவருக்காக மற்ற அனைவரும் வேகத்தைக் குறைப்பதா என்று கேட்கலாம். எங்கள் குழுவில் வேகம் குறைந்த பிறகுதான் வேறு இருவர் தம் முழங்கால் வலியைப் பற்றி வாய் திறந்தனர். பல ஆண்டுகளாக மறைத்து வைத்திருந்தார்களாம்.

ஆடிக் கூட்டத்தைத் தவிர்த்துத் தை மாதத்தில், வனத்துறையின் அனுமதி உள்ள நாளில் சென்றோம். இரட்டை லிங்கத்தின் அருகே என் கணவர், "எனக்கு இதுவரை போதும்" என்றார். வலி இல்லை; களைப்புதான். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஒருவரும் சொல்லவில்லை. அதுவே அன்று எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல். முன்பே பேசியபடி இருவர் எங்களுடன் இறங்கினர். நால்வர் மேலே சென்றனர். மாலையில் தாணிப்பாறையில் எண்மரும் ஒன்றாக அமர்ந்து புளியோதரை உண்டோம்.

நோயுற்றவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ கையிலோ வலி, தலைச்சுற்றல், வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதம் இருந்து மலையேறாதீர்கள்; இனிப்பு ஏதேனும் சட்டைப் பையில் இருக்கட்டும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலுடன் நடப்பதாக நேர்ந்துகொள்ள வேண்டா. காலில் முள் தைத்தாலும் தெரியாது. உங்கள் மருத்துவர் ஏறவே கூடாது என்றால், அதையும் நண்பர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: அவரைக் கேட்காமல் அவருக்காக முடிவெடுக்காதீர்கள். மலைக்கு வர இயலாதவரையும் தாணிப்பாறை வரை அழைத்துச் செல்லலாம். மலையைப் பார்த்தபடி மர நிழலில் அவருடன் ஒருவர் அமர்ந்திருக்கலாம்.