கனவுக்குப் பொதுவுடைமை உண்டோ?

சென்ற திங்கள் ஈப்போ நகரில் நடைபெற்ற ஒரு சொற்பொழிவுக் கூட்டத்தில், நன்கு கற்றறிந்த அன்பரொருவர், உறங்குவோர் யாவரும் ஒரே நனவில் கலந்துவிடுகின்றனர் என்றும், விழித்தெழுந்த பின்னரே தனித்தனி ஆட்களாகப் பிரிகின்றனர் என்றும் ஒன்றரை மணி நேரம் பேசினார். கைதட்டல் பலமாகவே இருந்தது. அவர் காட்டிய சான்றுகள் இரண்டு. ஒன்று, நமது பேராக் மலைகளில் வாழும் தெமியார் மக்கள். மற்றொன்று, தோட்டத்து லயங்களில் ஒரே இரவில் மூவருக்கும் நால்வருக்கும் ஒரே அம்மன் கனவில் தோன்றும் அற்புதம். முன்னதைப் படித்தும் பின்னதைப் பட்டும் அறிந்தவனாதலால், வாளாவிருத்தல் தகாதென்று இம்மறுப்பை எழுதலானேன்.

தெமியார் கதை உலகெங்கும் பரவிய வரலாற்றை முதலில் சொல்லவேண்டும். பாட் நூன் என்ற ஆங்கிலேயர் 1931 முதல் தைப்பிங் அருங்காட்சியகத்தின் இனவியலாளராக இருந்து, காடேறி அம்மக்களிடையே வாழ்ந்து, அவர்கள் மொழி பயின்று, அவர்களுள் ஒரு பெண்ணையே மணந்தவர். 1934இல் கில்டன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் அவரைச் சந்தித்து அவருடன் காட்டுக்குச் சென்றார்; 1938இல் மீண்டும் சிலகாலம் வந்து போனார். ஆண்டுக்கணக்கில் தங்கியவர் நூன். புகழ் பெற்றதோ மொழியறியாது வந்துபோன ஸ்டூவர்ட். 1951இல் அவர் எழுதிய கட்டுரையிலே, இம்மக்கள் காலை உணவின்போது குடும்பத்தோடமர்ந்து கனவுகளை ஆராய்கின்றனர் என்றும், கனவில் வரும் புலியை எதிர்த்து வெல்லுமாறு குழந்தைகளைப் பழக்குகின்றனர் என்றும், அதனால் இருநூறு முந்நூறு ஆண்டுகளாகக் கொடுங்குற்றமே அவர்களிடை நிகழவில்லை என்றும் கண்டிருந்தது. அமெரிக்க இளைஞர் இதனை 1960களில் வேதமாகக் கொண்டாடினர்.

பின்னர் நடந்தது யாது? அம்மக்களிடையேயும் அவர்களுக்கு இனமான செமாய் மக்களிடையேயும் நெடுங்காலம் தங்கி மொழி கற்ற இராபர்ட் டென்டன் முதலிய ஆய்வாளர் அத்தகைய காலைக் கனவுப் பள்ளியைக் கண்டிலர். அமெரிக்க அறிஞர் வில்லியம் டோம்ஹோஃப் 1985இல் எழுதிய நூலில் இக்கதை எங்ஙனம் வளர்ந்ததென்பதை இழை இழையாகப் பிரித்துக் காட்டினார். கொடுங்குற்றமே அறியாதார் என்ற புகழுரைக்கு வந்த முடிவு இன்னும் துயரமானது. ஜப்பானியர் ஆண்ட 1943இல் காட்டிலிருந்த பாட் நூன் காணாமற் போனார். அவர் மனைவியின்பால் கொண்ட விருப்பத்தால், உடனிருந்த தெமியார் தோழரே அவரைக் கொன்றனர் என்று அவருடைய தம்பி ரிச்சர்ட் நூன் விசாரித்தறிந்து 1972இல் நூலாக வெளியிட்டார். இதனால் தெமியாருக்கு இழுக்கொன்றுமில்லை. அவர்களும் நம்மைப்போல் அன்பும் பொறாமையும் உடைய மாந்தரே. அவர்களைத் தேவராக்கிப் படம் மாட்டிய ஸ்டூவர்ட்டுக்கே இழுக்கு.

நிற்க. கனவைப்பற்றித் தெமியார் தாமே கூறுவதென்ன? உறங்குங்கால் தலையிலுள்ள உயிர் வெளியே உலாவுமாம். ஆங்கே மலையின் உயிரையோ, கனிமரத்தின் உயிரையோ சந்திக்குமாம். அவ்வுயிர் அன்பு கொண்டு ஒரு பாட்டைக் கொடுக்குமாம். விமானமும் ரயிலும்கூடச் சிலருக்குப் பாட்டுக் கொடுத்ததுண்டு. பாட்டைப் பெற்றவன் பின்னொருநாள் இரவு ஊர் கூடியவிடத்துப் பாட, பெண்கள் மூங்கிற் குழாய்களை மோதித் தாளமிட்டு, அடிதோறும் பின்பாடுவர். அதுகொண்டே நோயும் தீர்க்க முயல்வர். மரினா ரோஸ்மன் என்ற ஆய்வாளர் 1991இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாகக் காணலாம். உன்னிப் பாருங்கள்! பாட்டு ஒருவனுக்கே கிடைக்கிறது. இன்னார் பாட்டு என்று பெயரும் பெறுகிறது. மற்றவர் அதனை அடைவது காதாலும் வாயாலும், கண் விழித்திருந்து. எல்லாரும் ஒரே மனமாய் உறங்கினர் என்று தெமியார் எவரும் சொன்னாரில்லை. அவர்களுடைய சமயத்தை நான் நம்புகிறேனல்லேன். ஆயினும் அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் திணிப்பது முறையோ? 2019இல் கிரிக் வட்டாரத்தில் மரவெட்டிகளை மறித்து அம்மக்கள் தடுப்புக் கட்டி நின்றனர். கனவைப் போற்றும் நம் அன்பர், அம்மலைகளைப் பற்றி அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மேடையிலே யுங் என்ற பெயரும் ஒலித்தது. யுங் கூறியது, மாந்தரனைவரும் பரம்பரையாகப் பெற்ற, நனவுக்கு எட்டாத சில வடிவங்களைப் பற்றியே. நேற்றிரவு கோப்பெங்கில் ஒருவர் கண்ட கனவில் கம்பாரிலுள்ளவர் நுழைவதைப் பற்றியன்று. டுர்கெம் 1893இல் கூட்டுநனவு என்றதும் விழித்திருக்கும் சமுதாயத்தின் பொதுநம்பிக்கைகளையே.

இனி அம்மன் கனவுக்கு வருவோம். நான் பிறந்த தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புக்குப் போனபோது, மாரியம்மன் கோயிலை அகற்றவேண்டி வந்தது. நிலம் வாங்கிய நிறுவனத்தார் சாக்கடையோரம் ஒரு மூலையைக் காட்டினர். பெரியவர் சிலர் பட்டா கேட்போம் என்றனர். அடுத்த வெள்ளியன்று மூவர், அம்மன் தங்கள் கனவில் வந்து அம்மூலையே போதுமென்றாள் என்று கூறினர். மூவருக்கும் ஒரே இரவில், ஒரே மஞ்சட் புடவையில்! ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பட்டாப் பேச்சு அன்றோடு ஒழிந்தது. வீட்டுக்கு வீடு வசூலித்துக் கோயில் எழுப்பினோம். என் தாயார் தோட்டை விற்றுக் கொடுத்தார். பதினோராண்டு கழித்து, இடம் உங்களுடையதன்று, காலி செய்க என்று அறிவிப்பு வந்தது. பின்னர் விசாரித்தபோது, முதல்வர் தம் கனவை மறுநாட் காலைப் பெரட்டிலேயே இரண்டாமவருக்குச் சொன்னார் என்பதும், மூன்றாமவர் அதனைக் கள்ளுக்கடையில் கேட்டார் என்பதும் தெரிந்தன. அவர்கள் பொய்யரென்று நான் சொல்லவில்லை. கேட்ட கதையைக் கண்டதாக மனம் தைத்துக்கொள்வது எளிது. சிலப்பதிகாரத்திலே கண்ணகியும் கோவலனும் பாண்டிமாதேவியும் கண்ட மூன்று தீக்கனாக்களும் ஒரே கேட்டைச் சுட்டுகின்றன. மூவருக்கும் இளங்கோ என்ற ஒருவரே கனவு எழுதினார். எங்கள் தோட்டத்துக் கனவுகளுக்கு இளங்கோ யார் என்று அன்றே கேட்டிருக்கவேண்டும்.

ஒத்த கனவுகளே இல்லை என்பது என் கட்சியன்று. உண்டு, ஏராளமாக உண்டு. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் சார்லோட் பெராட் என்ற பெண்மணி மக்கள் கண்ட கனவுகளை இரகசியமாகத் திரட்டி, 1966இல் நூலாக்கினார். அறிமுகமற்ற பலர், தம் வீட்டுச் சுவர் மறைவதாகவும், அடுப்பும் விளக்கும் தம்மை ஒற்றுப் பார்ப்பதாகவும் கண்டிருந்தனர். நம் கதையும் அதுவே. 1943இல் சயாம் ரயில்பாதை வேலைக்கென்று தோட்டத்து ஆண்களைப் பிடித்துச் சென்றபின், எங்கள் லயத்துப் பெண்கள் பலர் ஒரே கனவைக் கண்டதாகப் பாட்டி சொல்வார்: கணவர் வாசலில் நிற்கிறார், காலில் புண், உள்ளே வரமாட்டேனென்கிறார். இக்கனவை எல்லார்க்கும் அளித்தது எந்த விண்வெளி நனவு? ஒரே லயம், ஒரே பசி, ஒரே அச்சம், ஒரே மணியோசைக்கு எழுந்து ஒரே பால்மர வரிசையில் நடந்த வாழ்வு. இதனைத் தெய்வச் செயலென்றால், அந்த ஆண்களை வண்டியேற்றியவர் யார் என்ற கேள்வி மறைந்துபோகிறதன்றோ?

சோதனை செய்தோமே என்பர். ஆம். நியூயார்க்கில் மைமோனிடிஸ் மருத்துவமனையில் 1960களில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் செய்தனர். 1971இல் இன்னிசைக்குக் கூடிய சுமார் இரண்டாயிரம் பேர் ஒரு படத்தை நோக்கி எண்ணத்தைச் செலுத்த, தொலைவில் ஒருவர் உறங்கினார். வெற்றி என்று அவர்கள் எழுதினர். பிறர் தம் ஆய்வகத்தில் முயன்றபோது அது வாய்க்கவில்லை. 2021இல் வெளியான வேறோர் ஆய்வு மெய்யாகவே வியப்பானது. இது கனவென்று கனவிலேயே உணர்ந்தவர்களிடம் எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்று கேட்க, உறக்கத்திலேயே கண்ணை இருமுறை அசைத்து விடை கூறினார் ஒருவர். ஆனால் அக்கேள்வியும் செவி வழியே சென்றது. வேறு வழியில் அன்று.

இலங்கையில் ஆபிரகாம் கோவூர் 1963இல், மோசடிக்கிடமற்ற நிலையில் அற்புதம் காட்டுவோருக்கு ஓரிலட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். 1978இல் அவர் மறையும்வரை எவரும் பெற்றிலர். என்னிடம் இலட்சமில்லை, ஓய்வூதியத்தில் ஆயிரம் வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். ஈப்போ அன்பரும் அவர் குறிக்கும் இன்னொருவரும், ஒருவரை ஒருவர் காணாமல், வெவ்வேறு ஊரில் ஓர் இரவு உறங்கட்டும். நான் ஐந்து சொற்களை எழுதி முத்திரையிட்டு, இருவரும் ஒப்பும் நடுவரிடம் கொடுத்து, தாள் ஒன்றை மட்டும் அன்பருக்குக் காட்டச் செய்வேன். விடிந்ததும், ஒருவரோடொருவர் பேசுமுன், தொலைபேசியைத் தொடுமுன், மற்றவர் கனவில் கண்டதைத் தாளில் எழுதித் தரட்டும். நாளை அன்பரே குறிக்கலாம். வெள்ளிக்கிழமையாயினும் எனக்குத் தடையில்லை.