உலையை ஆள்பவருக்குக் கணக்குத் தெரிய வேண்டாமா?

அரியலூர்ப் பகுதியில் பூமியைத் தோண்டினால் சுண்ணாம்புக் கல் கிடைக்கும். கல்லோடு கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் கிடைக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுச் சென்ற சொத்துதான் இந்தச் சுண்ணாம்புக் கல்.

அந்தச் சொத்துதான் ரெட்டிபாளையத்துக்குச் சிமெண்டு ஆலையைக் கொண்டுவந்தது. இந்த ஆலை முன்பு கிராசிம் கம்பெனியிடம் இருந்தது. 2010-ம் ஆண்டில் அந்தக் கம்பெனியின் சிமெண்டுத் தொழில் அல்ட்ராடெக் கம்பெனியோடு சேர்ந்தது. ஆலையின் பெயர்ப் பலகை மாறியது. அரியலூரைச் சுற்றி இன்னும் பல சிமெண்டு ஆலைகள் உண்டு. தமிழ்நாடு அரசாங்கத்தின் 'டான்செம்' ஆலையும் அரியலூரில் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஆலைகளில் வேலை பார்க்கும் மானேஜர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுழலும் உலையை அவர்கள் இரவும் பகலும் கட்டி ஆள்கிறார்கள். எந்திரத்தின் சத்தம் மாறினால் போதும். எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார்கள்.

அப்படிப்பட்டவர்களிலும் பலர் ஓர் இடத்தில் மட்டும் வாய் திறப்பது இல்லை. அது எந்த இடம்?

மாதாந்தரக் கணக்குக் கூட்டம்! எந்த ஊர் ஆலையிலும், எந்தப் பெரிய ஆபீசிலும் இதைப் பார்க்கலாம். பணப்பிரிவு அதிகாரி எழுந்து, "தேய்மானம் இவ்வளவு, நடைமுறை மூலதனம் இவ்வளவு, வட்டி இவ்வளவு" என்று அடுக்குகிறார். என்ஜினீயர் தலையை ஆட்டுகிறார். தொழிலாளர் நல அதிகாரி தலையை ஆட்டுகிறார். டாக்டரும் தலையை ஆட்டுகிறார். புரிந்து ஆட்டுகிறவர்கள் எத்தனை பேர்?

கணக்குப்பிள்ளை இருக்கிறாரே!

"அதற்குத்தான் கணக்குப்பிள்ளை இருக்கிறாரே! நமக்கு எதற்கு அந்த வேலை?" என்று சிலர் கேட்பது உண்டு. பார்த்தால் நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு ஒரு நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் சென்ட்ரோ என்று ஒரு கம்பெனி இருந்தது. பெரிய பெரிய கடை வளாகங்களைக் கட்டி ஆண்ட கம்பெனி. 2007-ம் ஆண்டுக் கணக்கில் அது ஒரு தவறு செய்தது. ஒரு வருடத்துக்குள் திருப்பிக் கட்டவேண்டிய கடனை, பிறகு கட்டினால் போதும் என்ற கடனோடு சேர்த்துக் காட்டியது. தொகை கொஞ்சநஞ்சம் அல்ல. நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல்!

வழக்கு வந்தது. "கணக்கர்கள் தயாரித்தார்கள், தணிக்கையாளர்கள் பார்த்தார்கள், நாங்கள் அவர்களை நம்பினோம்" என்றார்கள் டைரக்டர்கள். 2011-ம் ஆண்டில் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அந்தச் சமாதானம் செல்லாது என்றார். டைரக்டர் கணக்கு நிபுணராக இருக்க வேண்டியது இல்லை. ஆனால் கணக்கைத் தாமே படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது அறிவு வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2009-ம் ஆண்டு ஜனவரி 7-ந்தேதி சத்யம் கம்பெனியின் தலைவர் ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அத்தனை பெரிய படிப்பாளிகள் நிறைந்த கம்பெனியில், இல்லாத பணம் பல ஆண்டுகள் ஏட்டில் இருந்தது!

மோசடியை எல்லா மானேஜர்களும் கண்டுபிடித்துவிட முடியாது. ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் கூடக்கூட, பொய்க் கணக்கு எழுதும் கை நடுங்கும்.

இட்லிக் கடைப் பாடம்

அப்படியானால் எதைப் படிக்க வேண்டும்? மலைபோல் ஒன்றும் இல்லை. நான்கைந்து விஷயங்கள்தாம். அவை இட்லிக் கடையிலேயே இருக்கின்றன.

ஓர் இட்லிக் கடைக்கு வாடகை, ஆள் சம்பளம், விளக்குச் செலவு எல்லாம் சேர்ந்து மாதம் 30 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இட்லி விற்றாலும் விற்காவிட்டாலும் இந்தச் செலவு நிற்காது. இது நிலையான செலவு. ஒரு தட்டு இட்லியின் விலை 30 ரூபாய். அரிசி, உளுந்து, சட்னி, சாம்பாருக்கு 18 ரூபாய். இது விற்பனையோடு ஏறி இறங்கும் செலவு. தட்டுக்கு மிஞ்சுவது 12 ரூபாய்.

மாதம் 2,500 தட்டு விற்றால் 30 ஆயிரம் ரூபாய் வரும். அப்போது லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. 2,501-வது தட்டில்தான் லாபம் ஆரம்பம்.

சிமெண்டு உலைக்கும் இதே சூத்திரம்தான். உலை நின்றாலும் சம்பளம் நிற்காது, வட்டி நிற்காது. ஆகவே ஒரு நாள் உலை நின்றால் என்ன நஷ்டம் என்பதை, இந்தக் கணக்குத் தெரிந்த என்ஜினீயர் ரூபாயில் சொல்வார். தெரியாதவர் "உற்பத்தி குறைந்துவிட்டது" என்று மட்டும் சொல்வார்.

லாபம் இருக்கிறது, பணம் எங்கே?

இரண்டாவது பாடம், லாபம் வேறு, பணம் வேறு என்பது.

ஒரு வியாபாரி 3 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு வாங்கி, மூன்றரை லட்சத்துக்குக் கடனாக விற்கிறார். ஏட்டில் 50 ஆயிரம் ரூபாய் லாபம். ஆனால் வாங்கியவர் மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தருவார். அதுவரை கல்லாவில் 3 லட்சம் ரூபாய் குறைவு. நாளைக்குக் கூலி கொடுக்க லாபம் உதவுமா? ரொக்கம்தான் உதவும். நல்ல லாபத்தில் ஓடிய தொழில்கள்கூடப் பணமுடையால் படுத்திருக்கின்றன.

மூன்றாவது பாடம், தூங்கும் சாமான். "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு மானேஜர் ஒரு கோடி ரூபாய்க்கு உதிரிப் பாகங்களை வாங்கி ஸ்டோரில் அடுக்குகிறார். வட்டி 9 சதவீதம் என்றால் வருடத்துக்கு 9 லட்சம் ரூபாய். நாள் ஒன்றுக்குச் சுமார் 2,466 ரூபாய். சாமான் தூங்குகிறது, வட்டி தூங்குவது இல்லை.

நான்காவது பாடம், தேய்மானம். லாரி வாங்கிய அன்றே அதன் விலை முழுவதையும் செலவாக எழுதுவது இல்லை. லாரி எத்தனை ஆண்டு உழைக்குமோ, அத்தனை ஆண்டுக்கும் பிரித்து எழுதுகிறார்கள். புது லாரி வாங்குவதற்குப் பணம் சேர்த்து வைக்காமல் வருமானம் முழுவதையும் சாப்பிட்டுவிடுபவர், உண்மையில் லாரியையே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார்.

ஐந்தாவது பாடம், எது நம் பணம், எது நம் பணம் அல்ல என்பது. சிமெண்டு மூட்டை விலையில் ஜி.எஸ்.டி. வரி அடங்கியிருக்கிறது. 28 சதவீதமாக இருந்த அந்த வரி 2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. வாடிக்கையாளரிடம் வாங்கினாலும், அந்த வரிப் பணம் கம்பெனியின் வருமானம் அல்ல. அரசாங்கத்துக்குப் போகவேண்டியது. கையில் இருப்பதெல்லாம் நம்முடையது என்று நினைத்துச் செலவழித்துவிட்டுத் தவிக்கும் சிறு வியாபாரிகள் எத்தனை பேர்!

இந்தக் கலை புதிது அல்ல. இத்தாலி நாட்டுப் பாதிரியார் லூக்கா பாசியோலி 1494-ம் ஆண்டிலேயே இரட்டைப் பதிவுக் கணக்கு முறையைப் புத்தகத்தில் எழுதி வெனிஸ் நகரில் அச்சிட்டார். ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டு என்ற அந்த முறையில்தான் இன்றும் உலகக் கம்பெனிகள் கணக்கு எழுதுகின்றன.

வீட்டுக்கு வந்த கல்லூரி

இதையெல்லாம் படிக்க வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போக வேண்டுமா? முன்பு அப்படித்தான் இருந்தது. இன்று கல்லூரி வீட்டுக்கு வந்துவிட்டது.

ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ல் 'என்.பி.டெல்' திட்டத்தை ஆரம்பித்தன. மத்திய அரசாங்கம் 2017 ஜூலை 9-ந்தேதி 'சுவயம்' திட்டத்தைத் தொடங்கியது. கணக்கியல், நிதி நிர்வாகம் பற்றிய பாடங்களும் இவற்றில் உண்டு. இண்டர்நெட் வழியாகச் செல்போனிலேயே பாடம் கேட்கலாம். சேர்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம் கட்ட வேண்டும். கணக்குப் படிக்காத மானேஜர்களுக்கு என்றே வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் இப்படிப் பாடம் நடத்துகின்றன.

இரவு 'ஷிப்டு' முடித்து வருகிறவருக்கு இது வரப்பிரசாதம். புரியாத இடத்தை நிறுத்தி, நாலு தடவை கேட்கலாம். "இதுகூடத் தெரியாதா?" என்று சிரிக்க யாரும் இல்லை. நாற்பது வயதில் படிக்க வருகிறவருக்கு இந்த ஒன்றே பெரிய ஆறுதல்.

ஆனால் குறைகளும் உண்டு. ஆரவாரத்தோடு சேர்ந்துவிட்டு, மூன்றாம் வாரத்தில் பாடத்தை மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். சிலர் விடைகளை எங்கிருந்தோ எடுத்து எழுதிச் சான்றிதழை மட்டும் வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டிவிடுகிறார்கள். சுவரில் தொங்கும் காகிதம் கூட்டத்தில் பேசாது.

பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. கணக்கே புதிது, மொழியும் கடினம் என்றால் ஆள் எப்படி நிற்பார்? வரவு, செலவு, பேரேடு, ஐந்தொகை, தேய்மானம் என்று தமிழில் சொற்கள் இருக்கின்றன. நல்ல தமிழில், நம் ஊர் உதாரணங்களோடு பாடங்கள் இன்னும் நிறைய வர வேண்டும்.

கம்பெனிகளுக்கும் கடமை உண்டு. "படித்துக்கொள்" என்று உத்தரவு போட்டால் போதாது. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது வேலை நேரத்தில் ஒதுக்க வேண்டும். சொந்தக் கம்பெனியின் ஐந்தொகையையே மேஜைமேல் வைத்து, பணப்பிரிவு அதிகாரி ஒவ்வொரு வரியாக விளக்க வேண்டும். சமையல் புத்தகம் படித்தால் மட்டும் பசி தீராது.

அரைக் கணக்கு ஆபத்து

ஓர் எச்சரிக்கையும் தேவை. பாதி கணக்குப் படித்தவர் கண்ணுக்கு எல்லாமே செலவாகத் தெரியும்.

உலையின் உள்ளே வெப்பம் தாங்கும் செங்கல் பதித்திருக்கிறார்கள். அதை இந்த வருடம் மாற்றவில்லை என்றால் செலவு மிச்சம். ஏட்டில் லாபம் கூடும். மானேஜருக்குப் பாராட்டும் கிடைக்கலாம். ஆனால் செங்கல் உதிர்ந்து, உலையின் இரும்பு ஓடு பழுத்துச் சிவந்தால்? அப்போது ஆகும் செலவு போன வருடக் கணக்கில் இருந்ததா? தொழிலாளியின் தலைக்கவசமும் கயிறும் ஏட்டில் செலவுதான். அவை காப்பாற்றிய உயிர் எந்தப் பத்தியிலும் வராது.

இந்த இடத்தில்தான் என்ஜினீயர் பேச வேண்டும். "இதை வெட்டாதீர்கள், வெட்டினால் அடுத்த வருடம் இத்தனை லட்சம் நஷ்டம்" என்று எண்ணைக் காட்டிப் பேச வேண்டும். கணக்குத் தெரியாததால் அவர் வாய் மூடி இருந்தால், உலையைப் பார்த்தறியாதவர் முடிவு செய்துவிடுவார். பாதிக்கப்படுகிறவர் உலைப் பக்கம் நிற்கும் தொழிலாளி. ஆகவே மானேஜர் கணக்குப் படிப்பது அவருடைய சம்பள உயர்வுக்கு மட்டும் அல்ல. அவருக்குக் கீழே இருப்பவர்களின் பாதுகாப்புக்கும்தான்.

எல்லா வீட்டுக்கும் வேண்டும்

மானேஜர் என்றால் ஆலை மானேஜர் மட்டுமா? மகளிர் சுய உதவிக்குழுவின் தலைவி மானேஜர் இல்லையா? பஞ்சாயத்துத் தலைவர் இல்லையா? 10 ஆயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை ஏற்படுத்தும் திட்டத்தை மத்திய அரசாங்கம் 2020-ல் தொடங்கியது. கம்பெனியாகப் பதிவாகும் அமைப்புகளில் நேற்றுவரை ஏர் பிடித்த விவசாயி இன்று டைரக்டர். அவர் முன்னும் கணக்கு வைக்கப்படுகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

கடன் வாங்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது தேவை. ஒரு லட்சம் ரூபாய் கடன். "வட்டி 12 சதவீதம்தான், ஒரு வருடத்தில் மாதம் 9,333 ரூபாய் கட்டினால் போதும்" என்கிறார்கள். மலிவாகத் தெரிகிறது. ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முழு லட்சத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. சரியாகக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கும் மேல்! ஆகவே கையெழுத்துப் போடும் முன்பு, "வட்டி முழு அசலுக்கா? குறைந்துவரும் பாக்கிக்கா?" என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வி பல வீடுகளின் நகையைக் காப்பாற்றும்.

பூமிக்குள் கல் இருந்தால் போதாது. அதை வெட்டி, அரைத்து, சுட்டுச் சிமெண்டு ஆக்கத் தெரிய வேண்டும். பணமும் அப்படித்தான். கையில் வந்தால் போதாது. அது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

உலையை ஆளக் கற்றவருக்கு ஐந்தொகை ஒரு பெரிய காரியம் அல்ல. தினம் அரை மணி நேரம் போதும். அடுத்த கூட்டத்தில் தலையை ஆட்டுவதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்டால், அதுவே முதல் பாடத்தில் தேறியதற்கு அடையாளம்.