வெட்டவெளி பாழ்நிலமா?

சோழபுரத்திலிருந்து மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளை நோக்குபவர் கண்ணுக்கு, அடர்ந்த கானகத்தின் இடையிடையே மரமற்ற புற்சரிவுகளும், அடிவாரத்திலே முட்புதர் சிதறிய திறந்த வெளிகளும் புலப்படுகின்றன. இவற்றைக் கண்டு வருந்தும் நல்லோர் பலர், மரமில்லாத இடமெல்லாம் பாழ்நிலம் என்றும், அங்கே கன்று நட்டால்தான் தாவர சம்பத்து விருத்தியாகும் என்றும் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். புதர்வெளிகளையும் சீர்குன்றிய மேய்ச்சல் நிலங்களையும் தரிசு வகையில் சேர்க்கும் அரசாங்க வரைபடங்கள் இந்நம்பிக்கைக்கு மேலும் வலுவூட்டுகின்றன. அவர்களுடைய நோக்கம் உத்தமமானது. ஆயினும் அதற்கு ஆதாரமாகக் கூறப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலித்தால், அவை நிலைத்து நிற்கக் காணோம்.

புல்வெளியில் புல்லைத் தவிர வேறொன்றுமில்லை என்பது முதல் வாதம். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்தபின், செண்பகத்தோப்பு வழியிலோ அய்யனார் கோயில் அடிவாரத்திலோ திறந்த நிலம் ஒன்றில் சற்றே குனிந்து பார்ப்பவர் இவ்வாறு சொல்லத் துணியார். கொழுக்கட்டைப் புல்லின் தூர்களுக்கு நடுவே, காலையில் விரிந்து உச்சிப்பொழுது சாய்ந்ததும் சுருங்கிவிடும் விஷ்ணுகிராந்தியின் நீலப் பூக்களும், இதழ்களுள் ஒன்று மட்டும் அகன்று நிற்க ஏனையவை மிகவும் சிறுத்துவிட்ட ஓரிதழ்தாமரையும், மண்ணையொட்டி மஞ்சள் பூக்கும் நிலப்பனையும், தும்பையும், சிவனார்வேம்பும் ஒரே பாய் விரிக்கும் இடத்துக்குள் அடங்கியிருக்கக் காணலாம். சித்த வைத்தியம் போற்றும் மூலிகைகளுள் பல இப்படி வெளிச்சத்தை நாடுபவையே. பெரும் பரப்பை எடுத்துக்கொண்டால் மழைக்காடே முந்துகிறது என்பது உண்மை. ஆனால் சுமார் ஐம்பது சதுர மீட்டருக்குக் குறைந்த பரப்பில், உலகத்தில் இதுவரை கணக்கிடப்பட்ட மிக உயர்ந்த இன எண்ணிக்கைகள் பெரும்பாலும் புல்வெளிகளுக்கே உரியவை. அர்ஜென்டினாவின் மலைப்புல்வெளி ஒன்றில், ஒரே சதுர மீட்டருக்குள் 89 தாவர இனங்கள் எண்ணப்பட்டிருக்கின்றன.

மனிதன் காட்டை அழித்ததனால் எஞ்சியதே புல்வெளி என்பது இரண்டாம் வாதம். சில இடங்களில் இது மெய்யே. ஆனால் பொது விதியாகாது. நீலகிரியின் சதுப்பு நிலங்களில் அடுக்கடுக்காகப் படிந்து மக்கிய தாவர எச்சங்களை ஆராய்ந்து, ராமன் சுகுமார், ஆர். ரமேஷ் முதலிய விஞ்ஞானிகள் 1993-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே புல்லினங்கள் செழித்திருந்தன. வேளாண்மை அம்மலைகளை எட்டுவதற்கு வெகு காலம் முந்தியது அது. நம்முடைய ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளின் செங்குத்தான புற்சரிவுகளில் இன்றும் மேயும் வரையாடு, புல்வெளியை விட்டால் புகலிடமற்ற பிராணி. நேற்று உண்டான வெளியில் அத்தகைய ஜீவன் உருவாகியிருக்க முடியாது.

மண் வளமாக வளமாக இனங்களும் பெருகும் என்பது மூன்றாம் வாதம். அனுபவமோ இதற்கு நேர்மாறானது. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1856 முதல் இன்றுவரை இடையறாது நடந்துவரும் பரிசோதனையில், உரமே இடாத புற்பாத்திகளில் சுமார் 40 இனங்கள் வாழ, தழைச்சத்து மிகுதியாகப் பெற்ற பாத்திகளிலோ விரல்விட்டு எண்ணத்தக்க சில இனங்களே மிஞ்சின. உரம் கண்ட இடத்தில் உயர்ந்து வளரும் வலிய புற்கள் சிறு செடிகளின் வெளிச்சத்தைப் பறித்துக்கொள்வதே இதன் காரணம். ஆதலால், கல்லும் சரளையும் நிறைந்த மெலிந்த மண் பல இனங்களுக்குப் பகையன்று, பாதுகாப்பே.

மேய்ச்சலும் தீயும் அழிவையன்றி வேறெதையும் தாரா என்பது நான்காம் வாதம். அளவு மீறினால் அழிவே என்பதிலும், ஆண்டுதோறும் கொளுத்துவது குற்றம் என்பதிலும் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. ஆயினும், புல்லின் குருத்து மண்ணை ஒட்டியே இருப்பதால், மேல்நுனி கடிபட்டாலும் கருகினாலும் அது மீண்டும் துளிர்க்கிறது. உயர்ந்த இனங்கள் ஓங்கிவிடாமல் மிதமான மேய்ச்சல் தடுப்பதால் தாழ்ந்தவற்றுக்கும் இடம் கிடைக்கிறது. காட்டுக்குள்ளும் இந்த நியாயமே செல்லும்: புயலில் ஒரு பெருமரம் சாய்ந்தால், திறந்த அவ்விடத்தில் விழும் வெயிலில், மண்ணுள் உறங்கிய விதைகளும் கொடிகளும் எழுகின்றன. இத்தகைய சிறு திறப்பு வேறு, இயந்திரத்தால் சீவி உண்ணிச்செடிக்கு வழி திறந்துவிடும் பாதை வேறு.

மரம் நட்டால் நஷ்டம் என்ன என்பது கடைசி வாதம். நீலகிரியிலும் பழனி மலையிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் புற்சரிவுகளில் கொண்டுவந்து நட்ட சீகையும் தைலமரமும் பரவிய இடங்களில், நிழலைத் தாங்காத புற்களும் குறிஞ்சிப் புதர்களும் ஒடுங்கின. இன்று அவ்வந்நிய மரங்களை அகற்றுவதற்கே பெரும் பிரயாசை தேவைப்படுகிறது. சமவெளியில் விறகுக்காகப் பரப்பிய சீமைக்கருவேலின் கதை நம் கரிசல் விவசாயி அறியாததன்று. பசுமை கூடியது, இனங்கள் குறைந்தன.

அணில் சரணாலயமாக 1988-லும், மேகமலையுடன் இணைந்து புலிகள் காப்பகமாக 2021-லும் அறிவிக்கப்பட்ட நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளில், காடு எவ்வளவு காக்கத்தக்கதோ அதே அளவு அதன் இடைவெளிகளும் காக்கத்தக்கவை. மரம் நட விழையும் அன்பர்கள் தெருவோரத்திலும் பள்ளி வளாகத்திலும் வரப்பிலும் தாராளமாக நடட்டும். திறந்த சரிவில் குழி தோண்டுமுன், கார்த்திகை மாதத்தில் ஒரு முறை அங்கே சென்று, ஒரு சதுர மீட்டரில் என்னென்ன முளைத்திருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணி முடிக்கும் வரையில் கடப்பாரையைக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பதே எமது விண்ணப்பம்.